ரைட் ஃபீல்டில் நிற்கச் சொன்னதால் முகம் வாடியவர்களுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் நான் பேர் வாசித்து இடம் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புதிதாகச் சேர்ந்த பதினாறு பேரும் வரிசையில் நின்றீர்கள். "பிட்சர் யாருக்கு வேணும்?" என்றதும் ஒன்பது கைகள் மேலே போயின. ஷார்ட்ஸ்டாப்புக்கு நாலு கைகள். "ரைட் ஃபீல்ட்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாருக்கும் ஷூ லேஸ் கட்டும் வேலை வந்துவிட்டது. கடைசியில் நானே ஒருத்தியைக் கைகாட்டினேன். "அங்க பந்தே வராதேக்கா, சும்மா நிக்கணும்" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "லெஃப்ட்ல போட்டாலாச்சும் வேப்பமர நிழல் இருக்கும்." எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பயிற்சிக்கும் வரவில்லை. ராத்திரி அவள் அம்மா போன் செய்து, "என் பொண்ண ஓரமா நிக்க வெச்சிட்டீங்களாமே" என்று கேட்டார்.

அதனால்தான் உங்களிடம் தனியாகப் பேசாமல் இப்படி எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். வீட்டிலும் படிக்கட்டும். நான் பள்ளியில் மூன்று வருடம், கல்லூரியில் இரண்டு வருடம் சாஃப்ட்பால் ஆடியவள். அதில் பாதிக்கு மேல் ரைட் ஃபீல்டில்தான் நின்றேன். ஆகவே இது உபதேசம் இல்லை, அனுபவம்.

இடம் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் மைதானத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இதுவரை நான் போட்டுவைத்த கோட்டுக்குள் ஆடினீர்களே தவிர, கோடு எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. என்னிடம் ஒரு நைலான் கயிறு இருக்கிறது, துணி காயப்போடும் கொடிக் கயிறுதான். அதில் நாலு இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்: 43 அடியில் ஒன்று, 60 அடியில் ஒன்று, 84 அடி 10¼ அங்குலத்தில் ஒன்று, 120 அடியில் ஒன்று. முடிச்சுப் போட்டால் கயிற்றின் நீளத்தை அது தின்றுவிடும், அதனால் துணி. புதுக் கயிறு இழுத்தால் நீளும், அதனால் பழைய கயிறு. முதல் வருடம் இது தெரியாமல் நான் போட்ட மைதானத்தில் செகண்ட் பேஸ் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது.

மேற்குச் சுவர் பக்கம் ஹோம் பிளேட். அது ஐந்து மூலை கொண்ட வெள்ளைப் பலகை. பிட்சரைப் பார்க்கும் பக்கம் 17 அங்குலம் அகலம், பின்பக்கம் குடிசைக் கூரை மாதிரி கூராக முடியும். அந்தக் கூர்முனையில் ஒரு ஆணி அடித்துக் கயிற்றின் நுனியைக் கட்டுகிறோம். அங்கிருந்து மைதானத்தின் நடுவை நோக்கிக் கயிற்றை இழுத்துப் போனால் 43 அடித் துணி விழும் இடத்தில் பிட்சர் கால் வைக்கும் வெள்ளைப் பட்டையின் முன்விளிம்பு வரும். இன்னும் போய் 84 அடி 10¼ அங்குலத்தில் ஒரு ஆணி. அது செகண்ட் பேஸின் நடுப்புள்ளி. இப்போது 120 அடித் துணியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் செகண்ட் பேஸ் ஆணியில் மாட்டுங்கள். கயிறு தொளதொளவென்று கிடக்கும். 60 அடித் துணியை ஒருத்தி பிடித்துக்கொண்டு வலது பக்கம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் விறைத்து நின்றவுடன் அவள் நிற்குமிடம் ஃபர்ஸ்ட் பேஸின் மூலை. அப்படியே திரும்பி இடது பக்கம் நடந்து விறைத்தால் தேர்ட் பேஸ். அவ்வளவுதான். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு 3, 4, 5 என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பாரே, அதே வித்தைதான். டேப்பும் காம்பஸும் இல்லாமல் ஒரு கயிறு நாலு மூலையையும் செங்கோணமாக நிறுத்திவிடுகிறது.

டயமண்ட் என்று சொல்கிறார்களே என்று மயங்காதீர்கள். அது வெறும் சதுரம். ஒரு மூலையில் நின்று பார்ப்பதால் வைரமாகத் தெரிகிறது. ஃபர்ஸ்டிலிருந்து தேர்டுக்கு ஒரு கோடு இழுத்தால் அது ஹோமிலிருந்து 42 அடி 5 அங்குலத்தில் நடுக்கோட்டை வெட்டும். பிட்சரின் பட்டை அதற்கு ஏழே அங்குலம் பின்னால் கிடக்கிறது. அதாவது பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் ஏறத்தாழச் சதுரத்தின் நட்டநடுவில் நிற்கிறாள். அவளைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போடுகிறோம். பேஸ்பால் மாதிரி மண்மேடு கிடையாது, தட்டையான தரைதான்.

இப்போது அந்த 60 அடியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள். முறையான கிரிக்கெட் பிட்சில் ஒரு கிரீஸிலிருந்து எதிர்க் கிரீஸுக்கு 58 அடி. ஆக, ஒரு பேஸ் ஓடுவது ஏறக்குறைய ஒரு சிங்கிள் எடுப்பது மாதிரி. பேஸ்பாலில் இதே தூரம் 90 அடி. சாஃப்ட்பாலில் நன்றாக ஓடும் பெண் மூன்று விநாடி சொச்சத்தில் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டுவிடுவாள். பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் வந்து, அவள் குனிந்து எடுத்து, நிமிர்ந்து, ஃபர்ஸ்டுக்கு எறிந்து, அது கிளவுஸில் விழுவதற்கும் அதே மூன்று விநாடிதான். பந்து கையில் ஒருமுறை துள்ளினால் போச்சு. இந்த ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மூன்று விநாடியை எப்படிப் பங்கு போடுவது என்ற கணக்குதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாலு வருடம் கழித்து நானாகக் கண்டுபிடித்தேன். நீங்கள் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. கிரிக்கெட்டில் பின்பக்கம் தட்டினாலும் ரன். இங்கே ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் வழியாக ஒரு கோடு, தேர்ட் வழியாக ஒரு கோடு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கால்வட்டம்தான் ஆடுகளம். அதற்கு வெளியே போனது ஃபவுல். கபடியிலிருந்து வந்த நீங்கள் மூன்று பேரும் கோட்டின் மகிமையை அறிந்தவர்கள், உங்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். பிட்சர் பந்தை விடும் நேரத்தில் கேட்சர் ஒருத்தியைத் தவிர மற்ற எட்டுப் பேரும் அந்தக் கால்வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. வேலி பெண்கள் ஆட்டத்தில் குறைந்தது 220 அடி தள்ளி இருக்க வேண்டும். நம் மைதானத்தில் ரைட் ஃபீல்ட் பக்கம் காம்பவுண்டுச் சுவர் வரை அவ்வளவு இருக்கிறது. லெஃப்டில் வேப்பமரம் குறுக்கே நிற்கிறது. மரத்தில் பட்டால் இரண்டு பேஸ் என்று நாமே வைத்துக்கொண்டோம்.

சாஃப்ட்பால் என்ற பேரைப் பார்த்து ஏமாந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 1887இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகத்தின் அறையில் யேல்–ஹார்வர்டு ஃபுட்பால் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் குஷியில் ஒரு குத்துச்சண்டைக் கிளவுஸை வீச, இன்னொருவர் கையில் கிடைத்த கம்பால் அதை அடிக்க, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கிளவுஸை இறுக்கிக் கட்டிப் பந்தாக்கித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். அறைக்குள் பிறந்த ஆட்டம் என்பதால்தான் எல்லாமே கிட்டக்கிட்ட இருக்கிறது. இன்றைக்கு நம் பந்து 12 அங்குலச் சுற்றளவு, 178 முதல் 198 கிராம் எடை. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து 163 கிராமைத் தாண்டாது. சாஃப்டாம் சாஃப்ட்! போன வாரம் முட்டியில் வாங்கியவள் சாட்சி.

சரி, ஆட்களுக்கு வருவோம். ஸ்கோர் எழுதும்போது பேர் எழுத மாட்டோம், எண் எழுதுவோம். பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, லெஃப்ட் ஃபீல்ட் 7, சென்டர் 8, ரைட் 9. ஷார்ட்ஸ்டாப் நிற்பது செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில், எண் மட்டும் தேர்டைத் தாண்டி 6. முதலில் மூட்டைக்காரர்களை, அதாவது பேஸ்களைக் காப்பவர்களை, எண்ணி முடித்துவிட்டு அவளை எண்ணியிருக்கிறார்கள். ஜெர்சி எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது உங்கள் இஷ்டம்.

பிட்சரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை; ஒன்பது பேர் கையைத் தூக்கினீர்கள், ஏற்கெனவே போதுமான காதல் இருக்கிறது. கை முழு வட்டம் சுற்றி இடுப்போரம் வரும்போது பந்தை விட வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் அந்த 43 அடியை, அதாவது 13.11 மீட்டரை, அது அரை விநாடிக்குள் கடந்துவிடும். ஆசைப்படுகிறவர்கள் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில், மூன்று ஆட்டங்களில், 413 பந்து வீசினார். ஜப்பான் அமெரிக்காவை 3–1 என்று வென்றது. அதற்குப் பிறகு இரண்டு ஒலிம்பிக்கில் சாஃப்ட்பாலே இல்லை. அது திரும்பி வந்தபோது உவேனோவுக்கு 39 வயது. அப்போதும் வந்து வீசினார். உங்களில் பலர் அறுபதாவது பந்திலேயே தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் கேட்சர் பதவியைத்தான் ஆசைப்பட்டு வாங்கச் சொல்வேன். எட்டுப் பேர் ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் மைதானத்தைப் பார்த்துக் குந்தியிருக்கிறாள். ஆட்டம் முழுவதும் அவளுக்கு மட்டும்தான் முன்பக்கமாகத் தெரிகிறது. எத்தனை அவுட், யார் எந்த மூட்டையில் நிற்கிறாள், சென்டர் ஃபீல்டர் தூங்கிவிட்டாளா, எல்லாம் அவள் கத்திச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். முகமூடி, மார்புக் கவசம், காலில் பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு ஏழு இன்னிங்ஸ் உட்கார்ந்து எழ வேண்டும். மூன்றாவது ஸ்டிரைக்கை அவள் பிடிக்காமல் விட்டால், ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இருக்கும்போது அவுட்டாக வேண்டியவள் ஓடலாம். ஸ்டிரைக் அவுட் ஆகிவிட்டாளே என்று நீங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஃபர்ஸ்டில் நின்று மூச்சு வாங்குவாள். போன மாதம் நடந்ததே.

ஃபர்ஸ்டில் நிற்பவள் செகண்டைத் திருட ஓடினால் என்ன நடக்கும்? நம் ஆட்டத்தில் பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் வரை மூட்டையிலிருந்து காலை எடுக்கக் கூடாது. விடுபட்ட நொடியிலிருந்து அவளுக்கு 60 அடி. பந்துக்கு முதலில் 43 அடி, பிறகு கேட்சர் கையிலிருந்து மைதானத்தின் குறுக்கே ஏறத்தாழ 85 அடி. கயிற்றின் மூன்றாவது துணி ஞாபகம் இருக்கிறதா, அதே தூரம். கேட்சர் அதை உட்கார்ந்த வாக்கில் பிடித்து, எழுந்து, ஒரே அசைவில் எறிய வேண்டும். அங்கே மூட்டைமேல் வந்து பந்தை வாங்குவது பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப். செகண்ட் பேஸ்காரி எங்கே போனாள் என்று கேட்பீர்கள். அவள் பெயர் செகண்ட் பேஸ் என்றாலும் மூட்டைமேல் நிற்பதில்லை. ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவில் நிற்கிறாள்.

ஃபர்ஸ்ட் பேஸ் ஒருத்திக்குப் பெரிய மிட் உண்டு, கேட்சருக்குப் போலவே. உயரமானவள், கால் அகட்டி நீட்டத் தெரிந்தவள் வேண்டும். ஃபர்ஸ்டில் மட்டும் மூட்டை இரட்டை: உள்ளே வெள்ளை, கோட்டுக்கு வெளியே ஆரஞ்சு. ஓடி வருகிறவள் ஆரஞ்சில் மிதிப்பாள், பந்தை வாங்குபவள் வெள்ளையில் கால் வைப்பாள். இருவரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஃபர்ஸ்டைத் தொட்டுவிட்டு நேரே ஓடிப் போகலாம், செகண்டிலும் தேர்டிலும் தொட்ட இடத்தில் நிற்க வேண்டும். நம்மிடம் ஆரஞ்சு மூட்டை இல்லாததால், பழைய ரெக்சின் பையில் தேங்காய் நார் அடைத்துத் துணி தைத்துக் கொடுத்த அந்த அம்மாவுக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இடதுகைக்காரி ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்குத் தனியாக ஒரு பத்தி. "நான் ஏன்க்கா ஷார்ட்ஸ்டாப் ஆடக் கூடாது?" என்று கேட்டாய். விதியில் தடை எதுவும் இல்லை. ஆனால் ஷார்ட்ஸ்டாப்பில் பந்தை எடுத்து ஃபர்ஸ்டுக்கு எறிய, வலதுகைக்காரி நின்ற வாக்கில் எறிந்துவிடுவாள். நீ முழு உடம்பையும் திருப்ப வேண்டும். அரை விநாடி போய்விடும். மூன்று விநாடியில் அரை விநாடி எவ்வளவு பெரிது என்று மேலே சொன்னேன். அதே இடது கை ஃபர்ஸ்ட் பேஸில் உனக்குச் சொத்து: கிளவுஸ் வலது கையில், மைதானத்தின் பக்கம் இருக்கும், பந்தை வாங்கிய கையோடு செகண்டுக்கு எறியலாம். நம் பெட்டியில் இடதுகைக்காரிக்கான கிளவுஸ் ஒன்றுகூட இல்லை என்பது என் குற்றம்தான். கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை உன் அண்ணனின் கிரிக்கெட் நண்பர்களிடம் விசாரிக்க வேண்டாம், கீப்பிங் கிளவுஸ் இதற்கு உதவாது.

தேர்டும் ஷார்ட்டும் அடுத்தடுத்து நிற்பதன் அருமையை நான் டிவியில் பார்த்தேன். 2021 ஜூலை 27, யோகோஹாமா, டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஜப்பான் 2–0 என்று முன்னால் இருக்கிறது, ஆறாவது இன்னிங்ஸ், அமெரிக்க ஓட்டக்காரிகள் மூட்டைகளில் நிற்கிறார்கள். அமெரிக்காவின் அமாண்டா சிடெஸ்டர் தேர்ட் பேஸை நோக்கிச் சுளீரென்று ஒன்று அடித்தார். தேர்ட் பேஸில் யூ யமமோட்டோ. நம் ஆட்டத்தில் தேர்ட் பேஸ்காரி மூட்டைக்கும் முன்னால் ஏறித்தான் நிற்பாள். யோசிக்க நேரமே கிடையாது. பந்து அவர் இடது கையில் பட்டுத் தெறித்தது. சாதாரணமாக அப்படித் தெறித்த பந்து காலியிடத்தில் விழுந்து இரண்டு பேர் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் தெறித்த வழியில் ஷார்ட்ஸ்டாப் மானா அட்சுமி இருந்தார். பந்து தரையைத் தொடும் முன் பிடித்தார். ஒரு அவுட். பிடிபடாது என்று நம்பிச் செகண்டிலிருந்து கிளம்பிவிட்டவர் திரும்புவதற்குள் அங்கே எறிந்தார். இன்னொரு அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. ஆட்டமும் 2–0 என்றே முடிந்து தங்கம் ஜப்பானுக்குப் போனது. அதிர்ஷ்டம் என்றார்கள். பாதி அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, பந்து தன்னிடம் வரவில்லை என்று தெரிந்தும் அட்சுமி பந்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

நான் நாலு நாளாக இந்த மடலை எழுத நினைத்ததே அந்த நகர்வைப் பற்றித்தான். அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

கல்லூரி இரண்டாம் வருடம். வெளியூரில் ஒரு போட்டி, கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னிலை. ஃபர்ஸ்டில் ஒருத்தி, செகண்டில் ஒருத்தி. நான் ரைட் ஃபீல்ட். பேட்டில் இருந்தவள் பன்ட் செய்தாள், அதாவது பேட்டைச் சும்மா நீட்டிப் பந்தை ஹோமுக்கு முன்னால் பொத்தென்று விழவைத்தாள். அப்படி விழுந்தால் மைதானத்தில் ஒன்பது பேரும் நகர வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸும் தேர்ட் பேஸும் பந்தை நோக்கி முன்னால் பாய்வார்கள். பிட்சரும் கேட்சரும் வருவார்கள். ஃபர்ஸ்ட் மூட்டை இப்போது அநாதை. செகண்ட் பேஸ்காரி ஓடி அங்கே போவாள். ஷார்ட்ஸ்டாப் தேர்டைக் காக்க ஓடுவாள். சென்டர் ஃபீல்டர் செகண்டை நோக்கி வருவாள். லெஃப்ட் தேர்டுக்குப் பின்னால் வருவாள். ரைட் ஃபீல்டர் ஃபர்ஸ்டுக்குப் பின்னால், கோட்டை ஒட்டி ஓட வேண்டும். யாராவது பந்தைத் தவறவிட்டால் தடுக்க.

எட்டுப் பேர் நகர்ந்தார்கள். நான் நின்று வேடிக்கை பார்த்தேன். கேட்சர் பந்தை எடுத்தாள், அழகாகத்தான் எடுத்தாள். ஃபர்ஸ்டுக்கு எறிந்தாள். ஓடி வந்து சேர்ந்த செகண்ட் பேஸ்காரியின் கிளவுஸுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பந்து போனது. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. பந்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, காய்ந்த புல்லில் துள்ளித் துள்ளி, யாரோ சைக்கிள் சாய்த்து வைத்திருந்த சுவர் வரை உருண்டது. நான் ஓடினேன். நான் சைக்கிளுக்கு அடியில் குனிந்தபோது முதலாமவள் ஹோமைத் தொட்டிருந்தாள். எடுத்து எறிந்தபோது இரண்டாமவளும் தொட்டிருந்தாள்.

வண்டியில் வரும்போது எல்லாரும் கேட்சரைத் தேற்றினார்கள். "ஒரு த்ரோ தானே, விடுடி" என்றார்கள். என்னை யாரும் திட்டவில்லை. ஸ்கோர் புத்தகத்தில் தவறு கேட்சர் பேரில், எண் 2க்கு நேராக விழுந்தது. என் 9க்கு நேராக ஒன்றுமே இல்லை. ஏனென்றால் நான் எதையும் தவறவிடவில்லை. அங்கே இருக்கவே இல்லை. கேட்சர் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறந்து "என் மேல்தான் தப்பு" என்று சொல்லவில்லை. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன். "தெரியும்டி" என்றாள், "அன்னிக்கே திரும்பிப் பார்த்தேன்." கேட்சருக்கு எல்லாம் தெரியும் என்று முன்னாலேயே சொன்னேனே.

"அங்க பந்தே வராதேக்கா" என்றவளே, உண்மைதான். வலதுகைக்காரர்கள் அதிகம் என்பதால் லெஃப்ட் பக்கம்தான் நிறையப் பந்து போகும். வரிசையில் முதலாவதாக வந்து இடது கையால் தட்டிவிட்டு ஓடும் ஆட்கள் இருக்கும் அணியிலும் பந்து பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் பக்கமே போகும். ஆனால் ஃபர்ஸ்ட் பேஸை நோக்கி எறியப்படும் பந்துகளை ஒரு ஆட்டத்தில் எண்ணிப் பார். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து, தேர்டிலிருந்து, பிட்சரிடமிருந்து, கேட்சரிடமிருந்து எல்லாம் அங்கேதான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் நீ ஓட வேண்டும். பத்தில் ஒன்பது முறை சும்மா ஓடித் திரும்புவாய். அந்த ஒன்பது ஓட்டத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள், உன் அம்மா பார்வையாளர் வரிசையில் இருந்தால்கூட. சாயங்கால ஆட்டத்தில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். தொப்பி இல்லாமல் வராதே. வேப்பமர நிழல் எல்லாம் லெஃப்ட் ஃபீல்டுக்குக் கிடைத்த வரம், அதைப் பார்த்து ஏங்காதே. லெஃப்டில் நிற்பவளும் நிழலிலிருந்து தேர்ட் பேஸுக்குப் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று அவளிடமும் இதோ சொல்லிவிட்டேன்.

சென்டர் ஃபீல்டருக்கு ஒரே வேலை கூடுதல்: இரண்டு பேருக்கு நடுவே உயரத்தில் பந்து போனால் "மைன்!" என்று அவள் கத்தினால் மற்ற இருவரும் விலக வேண்டும். தொண்டை இருப்பவளாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ரைட் ஃபீல்டுக்கு மட்டும் சொந்தமான ஒரு விஷயம். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோட்டில் நிற்பவர் பந்தை எறிந்து, அடித்தவரை முதல் ரன்னிலேயே அவுட்டாக்க முடியுமா? இங்கே முடியும். மூட்டைக்கு மூட்டை 60 அடிதான் என்பதால், ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவே சுள்ளென்று உருண்டு வரும் பந்துக்காக ரைட் ஃபீல்டர் முன்னால் ஏறி வந்து, ஓட்டத்திலேயே பொறுக்கி, நேரே ஃபர்ஸ்டுக்கு எறிந்தால், பேஸ் ஹிட் என்று நினைத்துக் கொஞ்சம் நிதானமாக ஓடிய பெண் அவுட். அம்பயர் கையை மடக்குவதைப் பார்த்து அவள் வாய் பிளந்து நிற்பாள். நான் என் ஐந்து வருடத்தில் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை ஸ்கோர் எழுதிய அண்ணன் நம்பாமல் என்னைக் கூப்பிட்டு, "நீதான எறிஞ்ச?" என்று கேட்டுவிட்டு எழுதினார்: 9-3.

நாளைக் காலை ஆறரைக்கு வாருங்கள். பழைய கோடு மழையில் அழிந்துவிட்டது, மைதானம் புதிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டேன், ஆணிகள் சைக்கிள் பையில் இருக்கின்றன. ஹோமில் நுனியைக் கேட்சர் பிடிக்கட்டும். 120 அடித் துணியை ஷார்ட்ஸ்டாப் கொண்டு போகட்டும். 60 அடித் துணியைப் பிடித்துக்கொண்டு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் நடப்பதற்கு எனக்கு அந்த ரைட் ஃபீல்டர்தான் வேண்டும். அவள் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது போகிற வழியில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பயிற்சி அக்கா